பேஸ்பாலில் பந்து வீசியவர் பயிற்சியாளராகவும் சாதிக்க முடியுமா?

தாராளமாக. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் மெல் ஸ்டாட்டில்மயர். 1964-இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்த முதல் ஆண்டே, அமெரிக்க பேஸ்பாலில் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரில் (World Series) பாப் கிப்சன் என்ற மாபெரும் வீச்சாளரை எதிர்த்து மூன்று ஆட்டங்களில் பந்து வீசினார். தொடர் கைநழுவியது. மட்டைக்கு அருகே வந்ததும் சட்டென்று கீழிறங்கும் ‘சிங்கர்’ (sinker) வகைப் பந்துதான் அவர் ஆயுதம். அடித்தாலும் பந்து பெரும்பாலும் தரையில்தான் உருளும். வீச்சாளராக அவர் கணக்கில் 164 வெற்றிகள். 1974-இல் தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது, அத்தோடு சரி. வீரராக ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

அப்புறம் பந்துவீச்சுப் பயிற்சியாளரானார். 1986-இல் மெட்ஸ் அணியோடு ஒன்று, யாங்கீஸோடு 1996, 1998, 1999, 2000 என நான்கு: மொத்தம் ஐந்து உலகத் தொடர் வெற்றிகள். இடையில் புற்றுநோய் வந்தும், சிகிச்சை முடிந்து திரும்பி 2005 வரை யாங்கீஸில் இருந்தார்.