ஓப்பன் ஆஃபரில் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

நீங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனியில் புரமோட்டரின் (கம்பெனியைக் கையில் வைத்திருந்த முதலாளியின்) 32 சதவீதத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியதும், உங்கள் பங்கையும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஓப்பன் ஆஃபர் கடிதம் வந்திருக்கிறது, கொடுக்காவிட்டால் பங்கு போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. கொடுப்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம்.

25 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால், மற்றவர்களிடமிருந்தும் குறைந்தது இன்னொரு 26 சதவீதத்தை வாங்கிக்கொள்வதாக விலை சொல்லியாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. 2024இல் இந்தியா சிமென்ட்ஸை அல்ட்ராடெக் வாங்கியபோது, புரமோட்டருக்குத் தந்த அதே 390 ரூபாயைத்தான் பொதுப் பங்குதாரர்களுக்கும் சொன்னது. கேட்ட அளவை மீறிப் பங்குகள் வந்தால், ஒவ்வொருவரிடமும் விகிதப்படி ஒரு பகுதியைத்தான் எடுப்பார்கள். சந்தை விலை ஆஃபர் விலையைவிட அதிகமென்றால் அங்கேயே விற்றுவிடுங்கள்.

சரி, வைத்துக்கொள்கிறீர்களா? புது முதலாளி தன் குழும நிறுவனங்களோடு செய்யும் பெரிய ஒப்பந்தங்களுக்குப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். அதில் அவர் ஆதரித்து வாக்களிக்க முடியாது. அதனால் உங்கள் வாக்குக்கு மதிப்பு உண்டு; அதற்காக வரும் இ-வோட்டிங் (ஆன்லைன் வாக்கெடுப்பு) மெயிலை மட்டும் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.