எண்ணெயைத் தொடாதவருக்கும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறுவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. எண்ணெய்ப் பலகாரமே சாப்பிடுவதில்லை. ஆனாலும் ட்ரைகிளிசரைடு 420. சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் இரண்டும் குறையுமா?

நெருங்கிய தொடர்பு உண்டு. நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். ரத்தத்தை மெஷினில் வேகமாகச் சுற்றி எடுத்தால் டியூபின் மேல்பாதியில் சீரம் என்கிற நீர்ப்பகுதி இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டும். சில டியூபில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். அப்படியொரு டியூபில் என் அம்மாவின் பெயர் ஒட்டியிருந்தது. ட்ரைகிளிசரைடு 780, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 10.6. அம்மாவும் தாளிக்கிற எண்ணெயைக்கூடக் கரண்டியில் அளந்துதான் ஊற்றுவார்.

இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிக்கிற ஹார்மோன் இல்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரையாமல் பிடித்து வைப்பதும் அதுதான். இன்சுலின் குறைந்தாலோ, இருந்தும் உடம்பு அதற்குக் கட்டுப்படாமல் போனாலோ, அந்தக் கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அவற்றை வாங்கி ட்ரைகிளிசரைடாக்கித் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பும். அதை ரத்தத்திலிருந்து அகற்றும் நொதிக்கும் இன்சுலின் தேவை என்பதால், வந்தது வந்தபடி தேங்கிவிடும். போதாததற்கு, சோறு, இட்லி, வெல்லம் என்று மிஞ்சுகிற மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றும். அப்பா எண்ணெயை விட்டும் குறையாததற்கு இவையெல்லாம் காரணமாக இருக்கலாம்.

இதே கொழுப்பு அமிலங்கள் சர்க்கரையையும் ஏற்றும். அவற்றை எரிக்கும்போது கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதும் கூடும். ராத்திரி ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தும் காலையில் 180 காட்டினால், அதில் இதற்கும் பங்குண்டு. தசைகளும் கொழுப்பு அமிலம் தாராளமாகக் கிடைக்கும்போது சர்க்கரையை எடுத்துக்கொள்ளத் தயங்கும். கொழுப்பு அமிலமும் சர்க்கரையும் இப்படிப் போட்டியிடுவதை இங்கிலாந்தின் விஞ்ஞானி பிலிப் ராண்டில் 1963இலேயே எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அவர் சொன்ன வழிமுறையைப் பல இடங்களில் திருத்தின. ஆனால் போட்டி இருப்பது உண்மை.

மீன் எண்ணெய் சர்க்கரையைக் குறிப்பிடும்படி குறைக்காது. டாக்டர் எழுதித் தரும் அதிக அளவில் எடுத்தால் ட்ரைகிளிசரைடு குறையும். கடையில் நாமாக வாங்கிப் போடுகிற ஒரு மாத்திரையால் பெரிய பலன் இல்லை. பிரிட்டனில் 15,480 சர்க்கரை நோயாளிகளுக்குத் தினமும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு 1 கிராம் மாத்திரையோ ஆலிவ் எண்ணெய் மாத்திரையோ ஏழு வருடம்போலக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளில் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை என்று 2018இல் முடிவு வந்தது. அந்தப் பணத்துக்கு அப்பாவுக்கு மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள்.

அம்மாவுக்கு டாக்டர் இன்சுலின் தொடங்கினார். நாங்கள் ராத்திரிச் சோற்றையும் வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சியையும் நிறுத்தினோம். மூன்று மாதத்தில் சராசரி 7.4, ட்ரைகிளிசரைடு 190. கொழுப்புக்கென்று தனி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் இப்படிக் குறையும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மாத்திரை கட்டாயம் தேவைப்படும்.

அப்பாவுக்கு 10-12 மணி நேரம் வெறும் வயிற்றில் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். கூடவே தைராய்டும் சிறுநீரில் புரதமும் பாருங்கள், குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ட்ரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து வரும். மேல்வயிற்றில் வலி எடுத்து முதுகுக்குப் பரவினால் வாயு என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அப்பாவின் மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லையே?