மஞ்சள் கசெற்றை ஏன் எறிந்தீர்?

கேள்வி: நான்கு வருடமாகப் பழைய ரீவி கேம் சேர்க்கிறேன். ஜப்பானில் நின்டென்டோ நிறுவனம் செய்த பமிகொம் என்ற ரீவி கேம் பெட்டி ஒன்றும் ஒரிஜினல் கசெற் பதின்மூன்றும் இருக்கின்றன. ஒன்று சீல் உடைக்காதது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பி எடுத்தது. அறையில் இடம் காணாமல், சின்ன வயதில் நான் விளையாடிய 'டூப்ளிக்கேற்' செற்றையும் மஞ்சள் கசெற்றுகளையும் போன மாதம் பழைய சாமான் எடுக்க வந்தவரிடம் போட்டுவிட்டேன். "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு காசா?" என்று அம்மா ஏசுகிறார். நான் செய்வது பிழையா? நாளைக்கு நல்ல விலை போகும் என்று வைத்திருக்கலாமா?
(பெயர் வேண்டாம், கொக்குவில்)

பதில்: தம்பி, சேர்ப்பது பிழையில்லை. எறிந்ததுதான் பிழை. அம்மா காசுக்காக ஏசுகிறார். நான் ஏசுவது அந்த மஞ்சள் கசெற்றுகளுக்காக.

உமது அலுமாரியில் இருப்பவற்றை எங்கள் ஊர்க் காலத்தோடு சேர்த்து வைத்துப் பாரும். பமிகொம் ஜப்பானில் கடைக்கு வந்தது 1983 ஜூலை 15. அந்த ஜூலை எங்களுக்கு எந்த ஜூலை என்று நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த பெட்டி, சூப்பர் பமிகொம், 1990 நவம்பரில் வந்தது. அதே ஆண்டு சண்டை மறுபடி மூண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். பிளேஸ்ரேசன் 1994 டிசம்பரில் வந்தது. பதினொரு மாதம் போகமுன், 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்தது. நீர் காசு கட்டி எடுப்பிக்கும் பெட்டிகள் புதுச் சாமானாக இருந்த காலம் எங்களுக்குச் சண்டைக் காலம், 1990க்குப் பிறகு அவற்றைப் பூட்டி விளையாட எங்கள் வீடுகளில் கரண்டும் இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு ரீவி கேம் வந்தது 2002 இல், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு. வெள்ளைப் பெட்டி, இரண்டு கொன்ரோலர், ஒரு விளையாட்டுத் துவக்கு, ஒரு மஞ்சள் கசெற். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் அயல்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். ஒருவர் செத்தால் அடுத்தவருக்குக் கொன்ரோலர். நடுவில் கரண்ட் போனால் திரும்பவும் முதலில் இருந்துதான். அந்தப் பெட்டியில் நின்டென்டோவின் பெயர் எங்கும் இருக்கவில்லை. பிள்ளைகளும் அதைத் தேடவில்லை. யாழ்ப்பாணத்தின் ரீவி கேம் வரலாறு என்று ஒன்றை யாராவது எழுதினால், அதில் முதலில் வரவேண்டியது அந்தப் பெட்டி. உமது பதின்மூன்று கசெற்றும் நல்லவைதான், ஆனால் அவை வேறு ஊர்ப் பிள்ளைகள் வளர்ந்த கதை.

'டூப்ளிக்கேற்' என்று எழுதியிருக்கிறீர். நின்டென்டோவின் அனுமதியில்லாமல் செய்தவை என்பது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லோடு அவற்றைத் தள்ளிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஜப்பான் ரீவி விநாடிக்கு 60 தடவை படம் வரைகிறது. எங்களுடையது 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 50 தடவை. ஜப்பான் கசெற்றை 50 இல் ஓட்டப் போனால் ஆட்டத்தின் நேரக் கணக்குக் குழம்பிவிடும். தாய்வானில் யூஎம்சி நிறுவனம் இதற்கென்றே சிப் செய்தது. ஒவ்வொரு படமும் வரைந்து முடிந்த பின் சிறிது நேரம் சும்மா காத்திருக்க வைத்து, அதே கசெற் பால் ரீவியிலும் பிசகாமல் ஓட வழி பண்ணினார்கள். வெறுமனே பார்த்து எழுதுகிறவனால் செய்யக்கூடிய வேலையா அது? பிற்காலத்தில் பெட்டிக்குள் இருந்த அவ்வளவையும் ஒற்றைச் சிப்பாக்கிக் கறுத்தப் பிசின் பொட்டொன்றுக்குள் அடக்கிவிட்டார்கள். '9999999 இன் 1' என்று போட்ட கசெற்றில் உண்மையில் இருந்தவை ஒரு சில விளையாட்டுகள். தொடங்கும் கட்டத்தை மாற்றி, உயிரைக் கூட்டி, அவையே திரும்பத் திரும்ப வரும். எந்தக் கசெற்றில் எந்த விளையாட்டுகள் வந்தன, லேபிளில் என்ன படம் ஒட்டியிருந்தது என்பதெல்லாம் அந்தக் கசெற் கையில் இருந்தால்தான் தெரியும்.

2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று கடைகளில் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அமைப்பு 2023 இல் கணக்கிட்டது. உரிமையாளர், பெயர், விளம்பரம் எல்லாம் உள்ள சாமானுக்கே இந்தக் கதி. செய்தவர் பெயரில்லாமல் வந்து இறங்கியவற்றை, விளையாடிய நீரே சாக்குக்குள் போட்டால் வேறு யார் வைத்திருப்பார்?

விலைக்கு வருகிறேன். 2021 ஜூலையில் அமெரிக்காவில் சீல் உடைக்காத சூப்பர் மரியோ 64 ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் நீரும் கேட்கிறீர் என்று நினைக்கிறேன். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்ற விளையாட்டு அது. விளையாட்டு அரிதில்லை, கசங்காத பிளாஸ்ரிக் உறைதான் அரிது. உறை பழையதா, பிறகு சுற்றியதா என்று பார்த்துச் சான்று கொடுக்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், இங்கே இல்லை. முதலீடென்று சொல்லி அண்ணாவிடம் இனிமேல் காசு கேட்க வேண்டாம். விளையாட ஆசையென்றால் சீலை உடைத்து விளையாடும்.

இருப்பதைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. ஜப்பான் பமிகொம்மின் அடப்டர் 100 வோல்ற்றுக்கானது. எங்கள் 230 இல் நேரே குத்தினால் எரிந்துபோகும். படம் வராவிட்டால் கசெற்றுக்குள் வாயால் ஊதுவது எல்லோருக்கும் பழக்கம். அதை விட்டுவிடும். எச்சில் ஈரம் செப்பைத் தின்னும், எங்கள் உப்புக் காற்று மிச்சத்தைத் தின்னும். பஞ்சுக் குச்சியில் ஐசொபுறொப்பைல் அற்ககோல் தொட்டு, பின்களை மெதுவாகத் துடைத்தால் போதும். அரத்தாள் போட வேண்டாம். அட்டைப் பெட்டியைச் சுவரோடும் நிலத்தோடும் வைத்தால் கறையான் எடுக்கும். வெள்ளைப் பிளாஸ்ரிக் வெயில் பட்டால் மஞ்சளாகும், ஆகவே யன்னலோரம் கூடாது. ஆட்டத்தைச் சேமிக்கும் கசெற்றுகளுக்குள் பொத்தான் பற்றரி ஒன்று ஒட்டியிருக்கும். இருபது, முப்பது வருடத்தில் அது சாகும், சேமித்தவையும் போய்விடும். ஈயம் ஒட்டத் தெரிந்தவரைப் பிடித்து மாற்றுவியும்.

இன்னொன்று: பின்பக்கம் பருத்த பழைய கண்ணாடி ரீவி ஒன்று எங்காவது கிடைத்தால் எடுத்து வையும். அந்தத் துவக்கு தட்டை ரீவியில் வேலை செய்யாது. விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கறுத்து, சுட வேண்டிய இடத்தில் வெள்ளைச் சதுரம் மின்னும். துவக்கின் நுனியில் உள்ள கண் அந்த வெளிச்சத்தைத்தான் தேடுகிறது. தட்டை ரீவி படத்தைச் சற்றுப் பிந்திக் காட்டுவதால், கண் பார்க்கும் கணத்தில் அங்கே வெளிச்சம் இராது. ரீவி இல்லாமல் துவக்கை மட்டும் வைத்திருந்து பயனில்லை. எங்கள் வீட்டு ரீவியை நான் 2014 இல் கொடுத்துவிட்டேன், இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

போன மாதம் போட்டதென்றால் இன்னும் கிடைக்கலாம். இரும்பும் செப்பும்தான் உடனே எடைக்குப் போகும், பிளாஸ்ரிக் சாக்கோடு கிடக்கும். சாமான் எடுத்தவரை நாளைக்கே தேடிப் போய், இருந்தால் அவர் கேட்கிற காசைக் கொடுத்து வாங்கி வாரும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அயலில் நாலு வீட்டில் கேளும். அலுமாரிக்கு மேல், கட்டிலுக்குக் கீழ் கிடக்கும். கிடைக்கிற ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே உள்ள பலகையை இரண்டு பக்கமும் படம் எடும். கசெற்றில் வரும் பெயர்களைத் திரையில் உள்ளபடி, எழுத்துப் பிழையோடு எழுதி வையும். யாருடைய வீடு, எந்த ஆண்டு, என்ன விலை, யார் வாங்கிக் கொடுத்தது என்பதையும் கேட்டுச் சேரும்.

முதலில் உம்முடைய அம்மாவிடம் கேளும். அந்தச் செற்றை எந்தக் கடையில் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், அந்தக் காசை எதிலிருந்து எடுத்தார் என்று. ஒரு கொப்பியோடு பக்கத்தில் இருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதும்.