பழைய வேனை வீடாக்குகிறவர்களுக்கு: காரைக்குடிப் பட்டறையிலிருந்து பதில்கள்

முப்பது வருடம் டிங்கரிங் பட்டறை நடத்தியவன் நான். இப்போது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்த என் மெட்டடார் வேனில் ஊர் சுற்றுகிறேன். தகரமும் வெல்டிங்கும் எனக்குத் தெரியும். அதற்கு வெளியே கேட்டால் பதில் குட்டையாகத்தான் வரும்.

தேவகோட்டை வாசகர்: 1990ஆம் வருடத்து மெட்டடார் ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகிறது. வாங்கலாமா?

இன்ஜினை விடுங்கள், தகரம் எப்படி இருக்கிறது? பின்னாளில் வந்த மெட்டடார்களில் இருப்பது பென்ஸ் வடிவமைத்த 2.4 லிட்டர் டீசல் இன்ஜின். அதைப் பிரித்துக் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. தரை அரித்துப்போன வண்டியைத் தேற்றுவதற்குள் உங்கள் சேமிப்பு கரைந்துவிடும்.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, கூரையோரம் மழைத்தண்ணீர் ஓடும் விளிம்பு எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டிதான் இருக்கிறது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.

தொண்டிப் பக்கம் மீன் ஏற்றிய வண்டியா என்று கட்டாயம் விசாரியுங்கள். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். புதுப் பெயிண்ட், முகம் தெரியும் பளபளப்பு. வாங்கி வந்து பின்தரையின் ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். ஊன்றிய கட்டைவிரல் தகரத்துக்குள் இறங்கிவிட்டது. விரலை எடுத்தால் நகத்தோரம் ஒரு மீன் செதில். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பில் துரு ஓட்டமாக ஓடும். அரிப்பை ஆராயும் சிக்ரி ஆய்வகம் 1953 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது. நாமோ துருவின்மேல் பட்டி அப்பிக்கொண்டிருக்கிறோம். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வதுதான் வேலை.

இன்னொன்று: மெட்டடாரை இழுப்பது முன்சக்கரங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது 'டக் டக்' என்றால் ஆக்ஸில் மூட்டுத் தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

புதுக்கோட்டை வாசகர்: ஜெர்மனியிலிருந்து பழைய ஃபோக்ஸ்வாகன் வேனை இறக்கலாமா?

1950இல் வந்த வண்டி, பின்னால் காற்றிலேயே குளிரும் இன்ஜின். ஆசை நியாயம்தான். ஆனால் தயாரித்து மூன்று வருடம் தாண்டிய பழைய காரைக் கொண்டுவரப் பொதுவாக இறக்குமதி விதி இடம் தருவதில்லை. இடப்பக்க ஸ்டியரிங்கும் பொதுவாகத் தடை. ஆறுதலுக்கு ஒன்று: மெட்டடாரும் ஜெர்மன் வம்சம்தான். 1949இல் அங்கே வந்த முதல் டெம்போ மெட்டடாரில் ஓடியதே ஃபோக்ஸ்வாகன் இன்ஜின்.

திருப்பத்தூர் வாசகர்: மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்?

வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு இந்தக் கேள்வி எதற்கு?

பள்ளத்தூர் ஆச்சி: வேன் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும், அலமாரிக்குப் பர்மா தேக்கும் போட ஆசை. செய்யலாமா?

கூடாது ஆச்சி. கனமான கல் சதுர அடிக்கு நாலு கிலோ வரும். ஐம்பது சதுர அடிக்கு இருநூறு கிலோ. மூன்று ஆள்களைத் தரையிலேயே படுக்கவைத்துக் கூட்டிப்போவது மாதிரி. தேக்கையும் சேர்த்தால் பிரேக்கும் ஸ்பிரிங்கும் என்ன பாவம் செய்தன? பிளைவுட், அதன்மேல் வினைல் விரிப்பு போதும்.

கானாடுகாத்தான் வாசகர்: நூறு வருடம் வீட்டில் கிடந்த கல் வேனில் கிடக்காதா?

வீடு ஓடவில்லையே ஐயா. அது கண்ணாடிமேல் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்த சிமென்ட் கல். திருமயம் போவதற்குள் விரிசல் விடும்.

அவரே மறுபடி: அப்படியானால் தேக்காவது? முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண்கள் கிடைக்கின்றனவே.

கோட்டையூர் வாசகர்: வீட்டை இடித்து விற்ற தூணை அறுத்து வேனுக்குச் சட்டம் அடிப்பது எனக்குப் பாவமாகத் தெரிகிறது.

கோட்டையூர்க்காரர் பக்கம்தான் நானும். முழுத் தூணை அறுக்க என் கை வராது. அதே தெருவில் உடைந்த கதவுப் பலகை ஒன்றை வாங்கி மடக்கு மேசை செய்தேன். என் வேனில் இருக்கும் தேக்கு அவ்வளவுதான். இழைத்தபோது பட்டறை முழுக்க எழுந்த எண்ணெய் மணத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. இதற்குமேல் தேக்குச் சண்டை வேண்டாம். இதே விஷயத்தில் இன்னும் ஏழு கேள்விகள் கிடக்கின்றன, ஏழுக்கும் பதில் இதுதான்.

சிவகங்கை வாசகர்: ஆர்.சி. புத்தகத்தில் என்ன பார்க்க வேண்டும்?

மெட்டடார்கள் பெரும்பாலும் வாடகைக்கு ஓடியவை. பர்மிட், வரி பாக்கி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று மூன்றையும் முதலில் பாருங்கள். வண்டியை மாற்றி அமைக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று தனி வகையே உண்டு. 2021இல் வந்த விண்டேஜ் விதியை நம்பாதீர்கள். அது ஐம்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு; அன்றாடம் ஓட்டவும் விடாது.

காளையார்கோவில் வாசகர்: சமையல் கேஸ் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா?

வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், நீங்கள் அதன்மேல் படுத்திருப்பீர்கள். தனி அறை, அதன் தரையில் வெளியே திறக்கும் துளை.

மானாமதுரை வாசகர்: ஒரு வேன் பார்த்தேன், இன்ஜின் நன்றாக ஓடுகிறது. படம் அனுப்பியிருக்கிறேன்.

படத்தில் காந்தம் ஒட்டாது. முதல் பதிலைப் படியுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: ஒரே ஒரு கல்லாவது?

சரி, ஒன்று. பத்து அங்குலக் கல்லாக எடுத்து, அடியில் ரப்பர் வைத்து அடுப்புப் பக்கத்தில் பதியுங்கள். சூடான சட்டியை இறக்கிவைக்க உதவும்.