சான் பிரான்சிஸ்கோ பட்ஜெட்: எங்கே இடிக்கிறது, எங்கே இடிப்பதுபோல் தெரிகிறது?

சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தின் செலவு பற்றியும், வலதுசாரிகள் அதன்மேல் வைக்கும் விமர்சனங்கள் பற்றியும் வந்த கேள்விகள் கீழே. பதில் சொல்பவர் பட்ஜெட் ஆவணங்களை வரி வரியாகப் படிப்பவர். சிக்கனக் கட்சிக்காரர் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: 2025-26 பட்ஜெட் சுமார் 1,590 கோடி டாலர். மக்கள்தொகை எட்டேகால் லட்சத்தை ஒட்டி. தலைக்கு 19,000 டாலர்! இதைவிட ஊதாரித்தனம் உண்டா?

கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஒரு சூப்பர்வைசரிடம் (நகர சபை உறுப்பினர்) சொன்னால் ஒரே நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார்.

கலிபோர்னியாவில் நகரமும் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்றாக இருப்பது இங்கே மட்டும்தான். சிறை, ஷெரிஃப், பொது மருத்துவமனை, நலத்திட்டப் பணம் என மற்ற ஊர்களில் கவுண்டி கணக்கில் போவதெல்லாம் இங்கே ஒரே புத்தகத்தில் வருகிறது. விமான நிலையமும் இதே கணக்குதான். அது இருப்பதோ சான் மடேயோ கவுண்டியில். நகரத்தின் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத் தண்ணீர் சுமார் 27 லட்சம் பேருக்குப் போகிறது, அவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே இருப்பவர்கள். துறைமுகம், தண்ணீர், விமான நிலையம் போன்றவை தங்கள் கட்டணத்தில் ஓடுபவை. மொத்தத்தில் ஏறக்குறைய பாதி இப்படிப் போய்விடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது பொது நிதி, சுமார் 700 கோடி டாலர். அதிலும் நூலகம், பூங்கா, குழந்தைகள் திட்டம், மியூனி பேருந்து என்று வாக்காளர்களே வாக்கெடுப்பில் கட்டிவைத்த ஒதுக்கீடுகள் உண்டு. பற்றாக்குறை ஆண்டிலும் மேயர் நினைத்தபடி அவற்றில் கை வைக்க முடியாது. விமர்சனம் அங்கிருந்து தொடங்கினால் எடுபடும்.

கேள்வி: நோயி வேலி பகுதியின் பொதுக் கழிப்பறை 17 லட்சம் டாலர் என்றார்களே, உண்மையா? அவ்வளவு எப்படி வந்தது?

உண்மை. 2022 அக்டோபரில் வெளியானது. ஒரே ஒரு கழிப்பறை. இடம் நகரத்துடையது, குழாய் இணைப்பும் முன்பே போட்டிருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் மேட் ஹேனி மாநில நிதியிலிருந்து அந்தத் தொகையை வாங்கியிருந்தார். தொகையைச் சொன்னது பூங்காத் துறை.

யாராவது பையில் போட்டுக்கொண்டார்களா என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. படிகளை எண்ணிப் பாருங்கள். முதலில் கட்டட வடிவமைப்பு. அது கலை ஆணையத்தின் வடிவமைப்புக் குழு முன் போக வேண்டும். பிறகு சுற்றுச்சூழல் சட்டப் பரிசீலனை, அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்பு. மின் இணைப்புக்கு பிஜி அண்ட் ஈ நிறுவனத்தோடு இழுபறி. அதன்பின் டெண்டர், தொழிற்சங்க ஊதிய விதிகள். ஒவ்வொரு படியிலும் திட்ட மேலாளர், பொறியாளர், ஆய்வாளர் மணிக்கணக்கில் பில் போடுவார்கள். இந்த மணிக்கணக்குக்கு 'மென்செலவு' என்று பெயர். பெரிய பாலம் என்றால் அது மொத்தத்தில் கரைந்துவிடும். 150 சதுர அடி அறைக்குள் அதை அடைத்தால் கட்டடத்தையே விழுங்கிவிடும்.

நகரம் தானே போட்டுக்கொண்ட இன்னொரு முடிச்சும் உண்டு. 2016இல் நகர நிர்வாகச் சட்டத் தொகுப்பில் 12எக்ஸ் என்ற அத்தியாயத்தைக் கொண்டுவந்தார்கள்: ஒருபால் ஈர்ப்பினருக்கு எதிரான சட்டம் உள்ள மாநிலங்களின் நிறுவனங்களுக்கு நகர ஒப்பந்தம் கிடையாது. கருக்கலைப்பு, வாக்குரிமை என்று காரணங்கள் கூடக் கூடப் பட்டியல் 30 மாநிலங்களுக்கு வளர்ந்தது. விலை சொல்ல வருபவர்கள் குறைந்தால் விலை ஏறும் என்பது மளிகைக் கடைக்காரருக்கே தெரியும். 2023இல் அதே சூப்பர்வைசர் சபை அதை நீக்கியது. அந்த மாநிலங்கள் எதுவும் அதற்காகத் தம் சட்டத்தை மாற்றிக்கொண்டதாகக் காட்ட முடியவில்லை.

கடைசியில் நெவாடா நிறுவனம் ஒன்று தயார்நிலைக் கழிப்பறையை இலவசமாகக் கொடுத்தது. 2024 ஏப்ரலில் திறந்தார்கள்.

கேள்வி: குப்பைத் தொட்டி ஒன்றுக்கு 20,000 டாலர் என்பதும் இதே கதையா?

இல்லை. அது மாதிரித் தொட்டியின் விலை. ஒன்றிரண்டு மட்டும் கையால் செய்தால் அப்படித்தான் வரும். மொத்தமாகச் செய்தால் இரண்டு மூன்றாயிரத்துக்குள் அடங்கும் என்றார்கள். 'கடையில் கிடைப்பதை வாங்காமல் புதிதாக வடிவமைக்க ஏன் கிளம்பினீர்கள்' என்று கேளுங்கள். அதற்குத்தான் சரியான பதில் வரவில்லை.

கேள்வி: வீடற்றோர் துறைக்கு 2024-25இல் 84 கோடி டாலருக்கு மேல். தெருவில் இருப்பவர்கள் 8,323 பேர். ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கையில் கொடுத்திருக்கலாமே!

வகுத்தல் சரி, வகுத்த எண் தவறு. 8,323 என்பது 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த எண்ணிக்கை. அதிலேயே பாதிப்பேர் தெருவில் இல்லை, தங்குமிடங்களில் இருந்தவர்கள். பணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே அறை கிடைத்து உள்ளே போய்விட்ட ஆயிரக்கணக்கானவர்களின் வாடகைக்கும் பராமரிப்புக்கும் போகிறது. அறை கிடைத்தவர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். வகுத்தலில் செலவு மேலே ஒட்டிக்கொள்ளும், ஆள் கீழே காணாமல் போவார்.

இதே துறையில் குறை சொல்ல உறுதியான இடம் 2018 நவம்பரில் வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 'முன்மொழிவு சி'. ஆண்டு வரவு 5 கோடி டாலருக்கு மேலுள்ள நிறுவனங்கள்மேல் வரி. பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்: குறைந்தது 50 சதவீதம் நிரந்தர வீட்டுக்கு, குறைந்தது 25 சதவீதம் மனநல சிகிச்சைக்கு, தடுப்புக்கு அதிகபட்சம் 15, தற்காலிகத் தங்குமிடத்துக்கு அதிகபட்சம் 10. இன்றிரவு ஒருவர் நடைபாதையில் படுக்காமல் இருக்க வேண்டுமென்றால் தேவைப்படுவது அந்தக் கடைசி 10தான். 2025இல் மேயர் டேனியல் லூரி இந்தப் பணத்தை வேறு பக்கம் திருப்ப முயன்றபோது 11 சூப்பர்வைசர்களில் 8 பேர் சம்மதம் தேவைப்பட்டது.

கேள்வி: அந்த வரி மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்காமலே நிறைவேறியது என்கிறார்களே?

ஆம், சுமார் 61 சதவீதம். 1978இன் முன்மொழிவு 13, 1996இன் முன்மொழிவு 218 இரண்டின்படியும் குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆனால் 2017இல் அப்லாண்ட் நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, குடிமக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் வரிக்கு சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று வாதிட இடம் கொடுத்தது. வழக்குகள் 2020 வரை இழுத்தன; நகரமே வென்றது.

கேள்வி: நான் சன்செட் பகுதியில் வீடு வைத்திருக்கிறேன். வீட்டு வரிக்கு வரம்பு வைக்கும் முன்மொழிவு 13 இருந்தும் வரி பில் ஏறிக்கொண்டே போகிறது. யாரைக் கேட்பது?

பில்லை மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். அடிப்படை 1 சதவீதம். மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, நீங்கள் புதிதாகக் கட்டினால் தவிர. அதற்குமேல் உள்ள பங்கு (2024-25இல் சுமார் 0.17 சதவீதம்) வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களுக்கு. பழைய பத்திரம் அடைபட்டால்தான் புதியது, விகிதம் 2006 அளவைத் தாண்டக்கூடாது என்பது நகரத்தின் கொள்கை. 'இந்தப் பத்திரத்தால் வரி ஏறாது' என்று தேர்தல் துண்டறிக்கையில் வருவது இதை வைத்துத்தான். பத்திரம் போடாவிட்டால் வரி இறங்கியிருக்கும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். மூன்றாவது, மனைக்கு இவ்வளவு என்று விதிக்கும் தனி வரிகள். பள்ளி, கல்லூரி பெயரில் வருபவை.

சந்தை விலை உங்கள் மதிப்பீட்டுக்குக் கீழே போயிருந்தால் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15க்குள் மேல்முறையீடு போடலாம். வரியை மட்டும் நிறுத்திவைக்காதீர்கள். டிசம்பர் 10, ஏப்ரல் 10 தாண்டினால் 10 சதவீத அபராதம். முறையீடு ஜெயித்தாலும் தாமதத்துக்கு அது மன்னிப்பாகாது.

கேள்வி: ஊழல் இல்லை என்கிறீர்களா?

அப்படி எங்கே சொன்னேன்? பொதுப்பணித் துறைத் தலைவராக இருந்த முகமது நூரு 2020 ஜனவரியில் கைதாகி, 2022 ஆகஸ்டில் ஏழு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அந்த விசாரணையைத் தொடர்ந்து, குப்பை அள்ளும் ரிகாலஜி நிறுவனம் கட்டணம் கூடுதலாக வாங்கியதற்காகச் சுமார் 10 கோடி டாலர் தருவதாக 2021இல் ஒப்பந்தம் செய்தது. 1932 முதல் ஒரே ஏற்பாட்டில் போட்டியில்லாமல் ஓடிய துறை அது. கட்டண உயர்வைப் பரிந்துரைத்தவர் நூருவே. அங்கேயும் ஓட்டை முறையில்தான் இருந்தது. 2022 ஜூனில் கட்டணம் நிர்ணயிக்கும் முறையை வாக்காளர்கள் மாற்றினார்கள்.

கேள்வி: ஒப்பந்தங்களைச் சாதாரண ஆள் எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு கோடி டாலரோ பத்தாண்டோ தாண்டும் ஒப்பந்தம் சூப்பர்வைசர் சபைக்கு வர வேண்டும். ஆகவே கன்ட்ரோலரின் (நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி) இணையப் பக்கத்தில் ஒப்பந்தப் பட்டியலைத் தொகை வாரியாக அடுக்கி, 99 லட்சத்தில் நிற்பவற்றைத் தனியாக எடுங்கள். 99 லட்சம் என்பது குற்றமல்ல; ஆனால் அடுத்த ஆண்டே திருத்தம் போட்டுத் தொகையை ஏற்றியிருந்தால் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே 'உடனடி வெளியீட்டுக் கோரிக்கை' என்று எழுதினால், நகரத்தின் சன்ஷைன் சட்டப்படி (தகவல் பெறும் உரிமைச் சட்டம்) அடுத்த வேலை நாள் முடிவதற்குள் பதில் வர வேண்டும். எழுதாவிட்டால் பத்து நாள். 'எல்லா மின்னஞ்சலும் வேண்டும்' என்று கேட்டால் எளிய கோரிக்கை இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஒப்பந்த எண், திருத்த எண், ஒரு ஆவணம்: அவ்வளவு போதும்.

கேள்வி: ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வராமல் போனதே, அதற்கு மேயர் பொறுப்பா?

பள்ளி மாவட்டம் தனி நிர்வாகம், தனி பட்ஜெட், தனி வாரியம். மேயர் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: அறுபது ஆண்டாக ஒரே கட்சி. அதுதானே மூலகாரணம்?

கடைசிக் குடியரசுக் கட்சி மேயர் ஜார்ஜ் கிறிஸ்டோபர், 1964இல் பதவி விட்டார். போட்டி இல்லாததன் விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் பள்ளி வாரியத்தின் மூன்று பேரையும், ஜூனில் அரசு வழக்கறிஞர் செசா பூடினையும் திருப்பி அழைத்தவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள்தான். குறிப்பிட்ட தோல்வியைக் காட்டினார்கள், வேலை நடந்தது. 2024 நவம்பரில் ஆணையங்களின் எண்ணிக்கையை 65க்குள் அடக்கும் முன்மொழிவு டி தோற்றது. நல்ல யோசனைதான், ஆனால் எந்த ஆணையம் எதைக் கெடுத்தது என்று வாக்காளருக்குச் சொல்லவில்லை.

கேள்வி: பேசுவதென்றால் எப்போது போய்ப் பேசுவது?

மேயர் ஜூன் 1க்குள் பட்ஜெட்டைச் சபைக்குக் கொடுப்பார். ஜூன் நடுவில் துறை வாரியாக விசாரணை. அதற்குச் சில நாள் முன்பே பட்ஜெட் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும். எந்தக் காலியிடத்தை நீக்கலாம், எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று வரிசை எண்ணோடு இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அறிக்கையின் ஒரு பரிந்துரையை எண் சொல்லி, 'இதை ஏற்கிறீர்களா' என்று மட்டும் கேளுங்கள்.

வெட்டியதில் மிஞ்சிய பணத்தைச் சூப்பர்வைசர்கள் தங்களுக்கு வேண்டிய திட்டங்களுக்குத் திருப்பித் தருவார்கள். 'ஆட்-பேக்' என்பார்கள். அது முடிவாவது ஜூன் கடைசியில், பெரும்பாலும் இரவு நெடுநேரம் கழித்து. பொதுமக்கள் கருத்துக் கேட்பு அதற்கு முன்பே முடிந்திருக்கும். எனவே உங்கள் வட்டார சூப்பர்வைசரின் உதவியாளருக்கு மின்னஞ்சல் போடுவதென்றால் ஜூன் 20ஐத் தாண்ட விடாதீர்கள்.