கிளைடர் ஓட்டும் மகளுக்கு எந்தக் கறுப்புக் கண்ணாடி?

(கண் நலம்: கேள்வி பதில். பதில் தருபவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கண் பரிசோதனைக் கடை நடத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட்.)

சென்ற இதழில் கார் ஓட்டுபவர்களுக்கான கறுப்புக் கண்ணாடி பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் மூன்று பேர் வானத்தில் பறப்பவர்களுக்காகக் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் மகள் மெல்பர்னில் படிக்கிறாள். விடுமுறை நாள்களில் பெனால்லா போய் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். இன்ஜினே இல்லாத விமானமாம், கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பிறந்தநாளுக்கு நல்ல கூலிங் கிளாஸ் வாங்கித் தரலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். “பைலட்டுக்கா? அப்போ போலரைஸ்டு தான்” என்று 700 வெள்ளிக்கு ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா? (கிள்ளான் வாசகி)

பதில்: வேண்டாம், சகோதரி. தண்ணீரிலும் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை வடிகட்டுவதுதான் போலரைஸ்டு லென்ஸ். அது மட்டமானது என்று சொல்லவரவில்லை. மீன் பிடிக்கப் போகிறவருக்கும் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவருக்கும் நானே எடுத்துக் கொடுப்பேன். உங்கள் மகள் உட்காரும் இடத்துக்கு அது ஒத்துவராது.

முதலில் வயிற்றைக் கலக்குவதற்கு ஒரு வார்த்தை. பெனால்லா விக்டோரியா மாநிலத்தில் கிளைடருக்குப் பேர்போன ஊர். உலக கிளைடர் போட்டியே 1987லும் 2017லும் அங்கேதான் நடந்தது. பிள்ளை நல்ல இடத்தில்தான் கற்றுக்கொள்கிறாள்.

என் தம்பியும் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறான், கிளைடர் ஓட்டுகிறவன். அவன் பின்னால் இருந்து ஓட்ட, நான் முன் இருக்கையில் உட்கார்ந்து பறந்திருக்கிறேன். தலைக்கு மேலே கூரை கிடையாது. இடுப்பு உயரத்திலிருந்து மறு பக்கம் வரை வளைந்த ஒரே அக்ரிலிக் (தெளிவான பிளாஸ்டிக்) மூடிதான், வெயில் உச்சந்தலையிலேயே விழும். மூக்குக்கு நேரே, மூடியின் வெளிப்புறத்தில், ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருக்கும். விமானம் காற்றில் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் சறுக்குகிறதா என்பதை அந்த நூல் காட்டிக்கொடுத்துவிடும். வேரியோ என்ற கருவி, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். காது அதைக் கவனித்துக்கொள்வதால் கண் வெளியே இருக்கலாம். வெளியேதான் இருக்க வேண்டும் என்று தம்பி சொல்லிக்கொண்டே வந்தான்.

தொழில் புத்தி விடவில்லை. கையில் கொண்டுபோயிருந்த போலரைஸ்டு கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில், சட்டத்தோடு இறுக்கியிருக்கும் இடங்களில், தண்ணீரில் பெட்ரோல் சிந்தினாற்போல வானவில் திட்டுகள் தெரிந்தன. வளைத்துச் செய்த அக்ரிலிக்குக்குள் இருக்கும் இறுக்கத்தைப் போலரைஸ்டு லென்ஸ் அப்படிக் காட்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்ததும், வரைபடம் காட்டும் சின்னத் திரை கறுத்துப்போனது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் அதிர்வது. அதற்குக் குறுக்கே லென்ஸ் திரும்பினால் ஒளி அடைபட்டுவிடும். கிளைடர் ஓட்டுகிறவர் சாய்ந்து திரும்பிக்கொண்டேதான் இருப்பார், தலையும் நிமிடத்துக்கு நிமிடம் கோணம் மாறும்.

இந்த இரண்டையும்கூடப் பழகிக்கொள்ளலாம். மூன்றாவதற்குத்தான் நான் பயப்படுகிறேன். வெயில் பட்ட தரையிலிருந்து காற்று சூடாகிக் கிளம்பும் இடத்தைத் தெர்மல் என்கிறார்கள். நல்ல தெர்மல் கிடைத்தால் நாலைந்து கிளைடர்கள் அதே காற்றுத் தூணில், ஒரே திசையில், சுற்றிச் சுற்றி ஏறும். கிளைடர்கள் பெரும்பாலும் வெள்ளை நிறம், வெயிலில் உடல் சூடாகிவிடாமல் இருக்க அப்படிப் பூசுகிறார்கள். வெள்ளை மேகத்தின் முன்னால் வெள்ளை விமானம், அதுவும் நேர் எதிரே வந்தால் இறக்கை ஒரு கோடாகத்தான் தெரியும். பல நேரம் முதலில் கண்ணில் படுவது அது திரும்பும்போது இறக்கையிலோ மூடியிலோ அடிக்கும் ஒரு பளிச்சிடல்தான். போலரைஸ்டு லென்ஸின் வேலையே அப்படிப்பட்ட பளிச்சிடலை அழிப்பது. ஆளுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கிளைடர்கள் எதிரெதிரே வந்தால், ஒரு கிலோமீட்டர் இடைவெளி 18 விநாடியில் தீர்ந்துவிடும். அதில் இரண்டு விநாடியைக்கூடக் கண்ணாடிக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ விமானிகளுக்குப் போலரைஸ்டு பரிந்துரைப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது.

அனுபவசாலிகளில் சிலர் போலரைஸ்டுதான் மாட்டுகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். நீல வானம் கருமையாகி, மேகம் எடுப்பாகத் தெரியும் என்பது அவர்கள் கட்சி. உண்மைதான். ஆனால் அந்தப் பலனில் பெரும்பகுதியைப் போலரைஸ்டு இல்லாத பழுப்பு லென்ஸே கொடுத்துவிடும். பழுப்பு நீல ஒளியைக் குறைப்பதால், மங்கலான வானத்தில் இப்போதுதான் உருவாகத் தொடங்கும் மேகத் துணுக்கும் தெரியும், மேகம் பிறக்கும் இடத்தில்தான் ஏற்றக் காற்று இருக்கும். நிறங்கள் மாறாமல் தெரிய வேண்டுமென்றால் சாம்பல் நிற லென்ஸ். மகளுக்கு நான் பழுப்பைத்தான் சொல்வேன்.

கருமை எவ்வளவு என்பதற்குக் கண்ணாடிக் கையின் உள்பக்கம் பாருங்கள், தரமான கண்ணாடியில் 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். 3 என்றால் ஒளியில் 8 முதல் 18 சதவீதம் உள்ளே விடும், 2 என்றால் 18 முதல் 43 வரை. எஃப்ஏஏ சொல்வது 15 முதல் 30 சதவீதம். ஆகவே 3இல் அதிகக் கருமை இல்லாத ஒன்று, அல்லது 2இல் கருமையான ஒன்று. 4ஆம் எண் பனிமலைக்கு; அதை மாட்டிக் கார் ஓட்டவே கூடாது. மேக நிழலுக்குள் நுழைந்ததும் கருவிப் பலகை இருண்டுவிடும் என்பதால், எவ்வளவு கருமையோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமே வேண்டாம்.

ஃபிரேம் வாங்கும்போது ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடியை மாட்டி நேரே பாருங்கள். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு விரலை மெல்ல முன்னே கொண்டுவாருங்கள். விரல் எங்கே தெரிகிறது? கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை. பட்டையான கைகள் உள்ள ஃபிரேமில் இரண்டுக்கும் வித்தியாசம் திடுக்கிட வைக்கும். கிளைடர் ஓட்டுகிறவர் தோளுக்குப் பின்னால்வரை பார்க்க வேண்டியவர். ஆகவே மெல்லிய கம்பிக் கை, கண் மட்டத்துக்கு மேலே பொருத்தியது. 1937இல் ரே-பான் கொண்டுவந்த ஏவியேட்டர் வடிவம் இன்றும் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். அதே பெயரைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. 700 வெள்ளியில் பாதிக்கும் குறைவாகவே நல்லது கிடைக்கும்.

கேள்வி: எனக்கு வயது 58. புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நியூசிலாந்து ஓமராமாவில் கிளைடர் பயிற்சி எடுக்க ஆசை. வெயிலில் தானாகவே கறுக்கும் லென்ஸ் போட்டால் ஒரே கண்ணாடியில் காரியம் முடிந்துவிடும் அல்லவா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் ஆசையைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் தானாகக் கறுக்கும் லென்ஸை நம்பாதீர்கள். அது கறுப்பது புற ஊதாக் கதிரால். மூடியின் அக்ரிலிக் அந்தக் கதிரில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுவதால், தரையில் கறுத்த அளவு உள்ளே கறுக்காது. சூட்டிலும் அது சரியாகக் கறுக்காது, நம் பினாங்கு வெயிலிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறுபடி வெளுக்க நிமிடங்கள் ஆகும். பவர் வைத்த, நிலையான நிறமுள்ள தனிக் கண்ணாடியே செய்துகொள்ளுங்கள். மேலே கருமை, கீழே வெளிர் என்ற வகை உங்களுக்கு நன்றாக இருக்கும். வானத்துக்கு மேல்பாதி, கருவிகளுக்குக் கீழ்ப்பாதி.

புரோகிரசிவ் விஷயம்தான் முக்கியம். மேலிருந்து கீழே தூரப் பார்வையிலிருந்து கிட்டப் பார்வைக்குக் கோடில்லாமல் பவர் மாறும் அந்த லென்ஸின் இரு ஓரங்களிலும் கீழ்ப்பக்கம் மங்கலாக இருக்கும். வீட்டில் தலையைத் திருப்பிச் சமாளித்துவிடுவீர்கள். வட்டமடித்துக்கொண்டே இன்னொரு விமானத்தைக் கடைக்கண்ணால் தேடும்போது அந்த மங்கல் நடுவில் வரும். என் கடைக்கு வந்திருந்தால் பைஃபோகல் (தூரத்துக்கு ஒன்று, வாசிக்க ஒன்று என இரண்டே பகுதி உள்ள லென்ஸ்) தந்திருப்பேன், வாசிக்கும் பகுதி சின்னதாக, தாழ்வாக வைத்து. அந்தப் பகுதியின் பவரைப் புத்தகம் படிக்கும் 40 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போடாதீர்கள். கிளைடரில் சாய்ந்து படுத்தாற்போல் உட்காருவதால் கருவிப் பலகை கை நீட்டும் தூரத்தில் இருக்கும். முதல் நாள் பயிற்சியில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து பலகை வரை ஒரு அளவு நாடாவால் அளந்து வாருங்கள். அந்த எண்ணை உங்கள் ஆப்டோமெட்ரிஸ்டிடம் கொடுத்தால் சரியாகச் செய்துவிடுவார்.

அதே பவரில் இன்னொரு கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பல நாடுகளின் விமானி மருத்துவ விதியே அதைக் கேட்கிறது. ஒரு கண்ணுக்குத் தூரம், ஒரு கண்ணுக்குக் கிட்டம் என்று போடும் கான்டாக்ட் லென்ஸ் ஓட்டும்போது வேண்டாம், அதையும் விதிகள் ஏற்பதில்லை.

கேள்வி: பந்திங் பக்கம் புக்கிட் ஜுக்ராவில் பாராகிளைடிங் செய்கிறேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு ‘யூவி 400’ ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி வாங்கினேன். கீழே விழுந்தாலும் கவலை இல்லை என்பதால் அதையே போடுகிறேன். போதுமா? (காஜாங் வாசகர், வயது 23)

பதில்: தம்பி, ஸ்டிக்கரை நம்பி எந்தப் பதிலும் சொல்ல முடியாது. கண்ணாடியைக் கையோடு எடுத்துக்கொண்டு, பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் கடை எதற்காவது போங்கள். பெரும்பாலான கடைகளில் யூவி, அதாவது புற ஊதாக் கதிரை அளக்கும் மீட்டர் இருக்கும். லென்ஸை அதன் நடுவில் வைத்தால் சில விநாடியில் எவ்வளவு கதிர் உள்ளே வருகிறது என்று சொல்லிவிடும். 15 வெள்ளிக் கண்ணாடி தேறினால் தாராளமாகப் போடுங்கள். தேறாவிட்டால் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள், ஏனென்றால் அது வெறும் கண்ணைவிட மோசம். கருமையைப் பார்த்துக் கண்மணி விரியும், விரிந்த வாசல் வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

நம் ஊரில் தெளிவான நண்பகலில், அந்தக் கதிரின் வலிமையைச் சொல்லும் யூவி குறியீடு 11ஐத் தொடுவது சாதாரணம். அதற்கு மேல், 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். உங்களுக்கு அக்ரிலிக் மூடியும் கிடையாது. வெயிலிலேயே வேலை செய்யும் மீனவர்களின் கண்ணில், மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை ஏறிவருவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குப் புற ஊதாக் கதிர் ஒரு முக்கியக் காரணம். வயதானால் வரும் கண்புரையையும் அது சீக்கிரம் கொண்டுவரும். 23 வயதில் ஒன்றும் தெரியாது.

உங்களுக்குப் பக்கவாட்டையும் மூடும் வளைந்த ஃபிரேம் நல்லது, காற்றும் தூசியும் நுழையாது. லென்ஸ் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அடிபட்டால் சிதறாது, அந்தப் பொருளே புற ஊதாக் கதிரைத் தடுக்கும். சீக்கிரம் கீறல் விழும் என்பதுதான் அதன் குறை, சட்டை நுனியால் துடைக்காதீர்கள். பின்னால் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் மேலே இருக்கும்போது கண்ணாடி விழுந்தால், கீழே யாராவது நிற்பார்கள்.

கேள்வி: (மீண்டும் கிள்ளான் வாசகி) மகள் மஞ்சள் லென்ஸ் கேட்கிறாள். தொப்பியும் வாங்கித் தரவா?

பதில்: மஞ்சள் மப்பு நாளில் பிரகாசமாகக் காட்டும், ஆனால் வெயிலை அடக்காது, எச்சரிக்கை விளக்கின் நிறத்தையும் குழப்பும். பழுப்பிலேயே நில்லுங்கள். தொப்பி கட்டாயம், உச்சியில் வெயில் விழுகிற இடம் அது. முன்னால் நீண்ட விளிம்புள்ள பேஸ்பால் தொப்பி மேல்பார்வையை மறைக்கும், உச்சியில் இருக்கும் பொத்தான் குலுங்கும்போது மூடியில் மோதும். துணியில் தைத்த, சின்ன மெத்தென்ற விளிம்புள்ளதாகப் பாருங்கள், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் கிடைக்கும். வெளிர் நிறமாக வாங்குங்கள்.