இடம்பெயரும் விவசாயக் கூலிகளின் குழந்தைகளுக்குத் தனியாக என்ன கல்வித் தேவை?

அறுவடைக் காலத்தில் ஊர் விட்டு ஊர் போகும் பெற்றோருடன் போவதால் பள்ளி பாதியில் நின்றுபோகும் பிள்ளைகளுக்கு, படிப்பு அறுபடாமல் தொடர வழி வேண்டும். தேவை அவ்வளவுதான்.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். தீபாவளியை ஒட்டிக் கரும்பு வெட்டக் கிளம்பும் குடும்பங்கள் மார்ச், ஏப்ரலில்தான் திரும்புகின்றன. பள்ளி ஆண்டில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். சிலர் கர்நாடகம் வரை போவார்கள். மராத்தியில் படித்த பிள்ளைக்கு அங்கே பலகையில் இருப்பது கன்னடம். பெண் பிள்ளை என்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் அவள் தலையில்.

கோலத்தில் நடுவே நாலு புள்ளி விட்டுப்போனால் கம்பி எப்படிச் சேரும்? பெருக்கல் நடந்த மாதங்களில் இல்லாத பிள்ளை வகுத்தலில் திணறுவதும் அதனால்தான். அதற்கு மந்தம் என்று பெயர் வைத்துவிடுகிறோம், அது அநியாயம்.

சரி, என்ன செய்யலாம்? பிள்ளை தாத்தா பாட்டியோடு ஊரிலேயே இருக்க, சாப்பாட்டுடன் பருவகால விடுதிகள் அங்கே உண்டு. என் பார்வையில் இதுவே நல்ல வழி. கூடவே போகும் பிள்ளைக்கு ஆலைப் பக்கத்திலேயே வகுப்பு வேண்டும். திரும்பியதும் விட்ட பாடத்தை யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் புது ஊரில் சேர்க்க மாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.